கறைக்கல்லில் ஒரு கை

மார்ச் 3

அன்புப் பேத்திக்கு,

நீ கேட்ட கல்லைப் பிளந்த அன்றைக்குக் கல்குழியில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், உன் தாத்தா, என் தங்கை (அவள் பெயரை இந்தப் பேனா எழுதாது, சின்னவள் என்றே போடுகிறேன்), மேஸ்திரி, சம்மட்டி அடிக்கிற இடக்கையன், தண்ணீர் கொண்டுவருகிற செவிட்டம்மா. ஏழாவது ஆள் இருந்ததாக யார் சொன்னாலும் பொய். உங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கல்லோடு இருக்கும் சீட்டில் 'முதலில் கண்டவர்' என்று ஒரு பேராசிரியர் பெயர் போட்டிருக்கிறதாமே? அந்த மனிதர் மறுநாள் மத்தியானம் தேய்த்த சட்டையோடு வந்தார். குழிக்குள்கூட இறங்கவில்லை. கயிறு கட்டித் தூக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

சுகம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால்தான் எனக்கு மூச்சு வரும். வலது முழங்கால் சுகம், இடது அசுகம். உன் இருமல் நின்றதா? போனில் பேசலாமே என்று உன் அம்மா சொல்கிறாள். போனில் சொன்னதை நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மாற்றிவிடலாம். யாரையும் அப்படித் தப்பிக்க விடுகிற பழக்கம் எனக்கில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

நீ சின்ன வயதில் நூறு தடவை கேட்ட கதைதான். பலகைக்கல் அடுக்கடுக்காக இருக்கும். ஆப்பு இறக்கி அடித்தால் புத்தகம் மாதிரி இரண்டாகத் திறக்கும். பெரிய பாளம் ஒன்றை நிமிர்த்தி வைத்து உன் தாத்தா ஆப்பு இறக்கிக்கொண்டிருந்தார். திறக்கிற பாதி சாயாமலிருக்க முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சின்னவள். நான் கல்துண்டு கொட்டுகிற மேட்டில் நின்றேன். கல் திறந்தது. உள்ளே என்னவோ இருக்கிறது என்று இவள் கட்டையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கப் போனாள். இந்தக் கண்ணால் பார்த்தேன். சாய்ந்த பாதி உன் தாத்தாவின் வலது காலில் விழுந்து ஓரம் நொறுங்கியது. பேராசிரியர் கொண்டுபோனது அதைத்தான்.

முப்பத்துநான்கு வருஷம். அன்று அவள் போட்டிருந்த பச்சை ரவிக்கையில் இரண்டாவது கொக்கி இல்லாததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் தாத்தா இருபத்தைந்து வருஷம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவளோடு பேச்சு அன்றோடு சரி. அவள் வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

போதுமா? நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டி


மார்ச் 21

அன்புள்ள பாட்டிக்கு,

இருமல் போய்விட்டது. போகும்போது தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உங்கள் இடது முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

அந்தக் கல்லுக்குள் இருப்பவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சப்பைத்தலையன். முப்பத்தாறு கோடி வருஷத்துக்கு முந்தியவன். மீனுக்குரிய வால், முதலை மாதிரி தட்டையான தலை, பின்னால் இரண்டு கால். மீனாகவும் இல்லை, தரையில் வாழ்கிற பிராணியாகவும் இல்லை. இவன் முன்னங்கையை ஊன்றி எழுந்து கரையேறினான் என்பது என் கட்சி. அது வெறும் துடுப்பு, நீந்த மட்டும்தான் உதவியிருக்கும் என்பது என் நெறியாளரின் கட்சி. முன்னங்கை இருக்க வேண்டிய இடத்தில்தான் கல் நொறுங்கியிருக்கிறது.

போன மாதம் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் "இவன் நடந்தான்" என்று எழுந்து சொல்லிவிட்டேன். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்தக் காலால்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்டோபரில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கை இல்லாமல் கொடுத்தால் நான்கு வருஷமும் போச்சு. அதுவரை விடுப்பும் கிடையாது. இருந்தால் விமானம் ஏறி வந்து நேரிலேயே உங்களைப் பிடுங்கியிருப்பேன்.

பாட்டி, கல் புத்தகம் மாதிரி திறந்தால், ஒரு பக்கத்தில் புடைத்திருப்பது எதிர்ப்பக்கத்தில் குழியாகப் பதிந்திருக்கும். சாய்ந்த பாதி இங்கே இருக்கிறது. சாயாத பாதி எங்கே?

பேத்தி


ஏப்ரல் 9

அன்புப் பேத்திக்கு,

முழங்காலிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டது.

சப்பைத்தலையன் என்றதும் எனக்கு உன் பெரிய மாமாவின் ஞாபகம் வந்தது. பிறந்தபோது அப்படித்தான் இருந்தான். எதிர்வீட்டுத் தையல்காரி என் கத்திரிக்கோலை வாங்கிப்போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. காலையில் என்னைப் பார்த்து "என்னம்மா, வெயில் எப்படி அடிக்குது பாத்தீங்களா?" என்கிறாள். வெயிலையா நான் கேட்டேன்? உன் அம்மா புது மேசை வாங்கியிருக்கிறாள். ஒரு கால் ஆடுகிறது.

அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்கள் யார் யார் என்று எழுதி வைத்துக்கொள். பின்னால் மறந்துவிடும்.

மற்றப் பாதி போன இடம் போகட்டும். முப்பத்தாறு கோடி வருஷம் கிடந்தவனுக்கு இப்போது என்ன அவசரம்? நீ தூங்கு.

பாட்டி


ஏப்ரல் 27

அன்புள்ள பாட்டிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். அறை மாறிவிட்டேன், இந்த வருஷத்தில் மூன்றாவது தடவை. போன அறையில் ஜன்னல் இல்லை. இதில் ஜன்னலைத் தவிர ஒன்றும் இல்லை. உட்கார்ந்து எழுதலாம் என்றால் கால் நிற்க மாட்டேன் என்கிறது.

நான் கேட்காத நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். மாமா தலை, கத்திரிக்கோல், வெயில், மேசை. கேட்ட ஒன்றுக்கு இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அதை உன் பாட்டிகிட்டயே கேளு, என்னை ஏன்டி மாட்டிவிடுற?" என்று போனை வைத்துவிட்டாள். அப்படியென்றால் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன் தாத்தா வாங்கிய செருப்பின் விலையைச் சொல்கிறவர் நீங்கள். கல் எங்கே என்று தெரியாமலா இருக்கும்?

பேத்தி


மே 15

பேத்திக்கு,

முழங்கால் இரண்டும் இப்போது ஒன்றுபோல வலிக்கின்றன. சண்டை இல்லாமல் இருக்கின்றன.

தெரியும். தெரியாது என்று நான் எழுதவில்லையே, திரும்பப் படித்துப் பார்.

கல்லுக்குள் இலையோ மீனோ பதிந்திருந்தால் அதற்குக் கறைக்கல் என்று பெயர். வழவழவென்று இருந்தால்தான் தரைக்குப் போடுவார்கள். மேஸ்திரி கறைக்கல்லைத் தள்ளிவிடுவார். தள்ளியதை நாங்கள் எடுத்துக்கொண்டு போய், கறையுள்ள பக்கத்தைக் கீழே கவிழ்த்து எங்கள் வீடுகளில் பதித்துக்கொள்வோம். இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அடியில் மீன்கள் குப்புறப் படுத்திருக்கின்றன. உன்னைப்போல் படித்தவர்கள் தேடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்த வருஷம் சின்னவள் சமையலறைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தாள். நீ கேட்கிற பாதி அவள் அடுப்புக்கு முன்னால் கவிழ்ந்து கிடக்கிறது. அக்கா புருஷனை முடமாக்கிய பாளத்தின் மறுபாதியைக் கொண்டுபோய் அதன்மேல் நின்று தினமும் சமைத்துச் சாப்பிட அவளுக்குத்தான் மனசு வரும்.

வேறு எதை வேண்டுமானாலும் கேள். அங்கே போகச் சொல்லாதே.

பாட்டி


மே 30

பாட்டி,

சப்பைத்தலையனின் கூட்டம் தண்ணீரை விட்டு வெளியே வர எத்தனை லட்சம் வருஷம் ஆனது தெரியுமா? நீங்கள் இரண்டு தெரு தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் போக வேண்டாம். சின்னப் பாட்டிக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

பேத்தி


ஜூன் 24

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? மூன்றரை வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அம்மா "இருக்காங்க, சாப்பிடறாங்க, பேச மாட்டேங்கறாங்க" என்கிறாள்.

சின்னப் பாட்டிக்கு எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள' என்று எழுதியபிறகு நின்றுவிட்டேன். அவர் வீட்டு எண் தெரியாது. முகம் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. யாரோ ஒருத்தரிடம் 'உங்கள் சமையலறையைப் பெயர்த்துக் கொடுங்கள்' என்று எப்படி எழுதுவது? தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நெறியாளர் முன்னங்கையைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவரே தலைப்புப் போட்டுத் தந்திருக்கிறார்: 'துடுப்பு'. ஆகஸ்ட் கடைசிக்குள் நான் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஏழு அடி. நடந்துகொண்டே இருக்கிறேன்.

இரண்டு தெரு என்று எழுதியது தப்பு. அது எவ்வளவு தூரம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேத்தி


ஆகஸ்ட் 2

அன்புப் பேத்திக்கு,

பதில் எழுதாததற்கு முழங்காலைக் குற்றம் சொல்ல மாட்டேன். உன்மேல் கோபம்தான். ஜூன் பாதியில் ஆறியது, உன் கடிதம் வந்ததும் மறுபடி கொஞ்சம் வந்தது, பிறகு போய்விட்டது.

போனேன்.

முதல் நாள் தெருமுனைவரை போய் நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாம் நாளும் நூல்கண்டு. கடைக்காரர், "என்னம்மா, கடை போடப் போறீங்களா?" என்றார். அந்த வெட்கத்தில் மூன்றாம் நாள் கடையைத் தாண்டிவிட்டேன். தாண்டினால் அவள் வீடு.

கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. என்னைவிட எட்டு வயது சின்னவள், எனக்கு அவ்வளவு நரை இல்லை.

"கல்லைப் பாக்க வந்தேன்" என்றேன்.

"முப்பத்துநாலு வருஷம் கழிச்சு கல்லைப் பாக்கவா வந்த?"

"பின்ன உன்னைப் பாக்கவா வருவேன்?"

"செருப்பைக் கழட்டிட்டு வா. இப்பதான் தொடச்சேன்."

அவள் மருமகன் அடுப்பை நகர்த்திவிட்டுக் கடப்பாரையோடு வந்தான். நல்ல பிள்ளைதான், பேச்சு ஜாஸ்தி. "என்ன பெரியத்தை, அடியில புதையலா?" என்றான். "பாவம் இருக்கு, தூக்கு" என்றேன். அவன் மூலையில் கடப்பாரையைக் கொடுத்தான். "அங்க குடுக்காதே, ஓரம் உடையும்!" என்று நானும் அவளும் ஒரே சமயத்தில் கத்தினோம். ஒரே வார்த்தை, ஒரே சத்தம். அப்புறம் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

திருப்பிப் போட்டோம். துடைப்பத்தால் மண்ணைத் தள்ளியதும் தெரிந்தது. கைதான். என் உள்ளங்கை அளவு. குழிந்து, ஒவ்வொரு கணுவும் தெரிகிற மாதிரி.

குழியில் கல் மேடுபள்ளம் பார்க்க நாங்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. மேலே தாளை விரித்துக் கரிக்கட்டையைப் படுக்கவைத்துத் தேய்த்தால், மேடு கறுப்பாக விழும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அப்படித்தான் எடுத்தோம். தாள் நகராமல் நாலு மூலையையும் அவள் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை விடவில்லை.

மூன்று தாள் இதோடு இருக்கிறது. நான் எண்ணினால் எட்டு விரல். அவளுக்கு ஏழுதான் வருகிறது.

"அது வெடிப்புக்கா."

"வெடிப்புக்கு மூணு கணு இருக்குமாடி?"

"நீ எப்பவும் ஒண்ணு கூடத்தான் பாப்ப."

"நீ எப்பவும் ஒண்ணு விட்டுடுவ."

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. மருமகன் வேலைக்குப் போய்விட்டான். நீயே எண்ணிச் சொல்.

அவள் ஒன்று சொன்னாள். அதை எழுத இந்தத் தாளில் இடமில்லை. கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று கேட்காதே.

பாட்டி


ஆகஸ்ட் 20

என் அன்புப் பாட்டிக்கு,

எட்டு! எட்டேதான். சின்னப் பாட்டி தோற்றுவிட்டார், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தாள்களை ஆய்வுக்கூடத் தரையில் விரித்தேன். நெறியாளர் வந்தார். நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், அப்புறம் அந்த விலை உயர்ந்த காற்சட்டையோடு முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். "இது துடுப்பில்லை" என்றார். நான் எம்பிக் குதித்திருப்பேன். அதற்குள் அவர் மணிக்கட்டு இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். அங்கே எலும்பு இல்லை, பாட்டி. உடம்புப் பாரத்தைத் தாங்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. இந்தக் கையைத் தரையில் ஊன்றினால் மடங்கிவிடும்.

அவன் நடக்கவில்லை.

எட்டு விரலும் தண்ணீருக்குள்ளேயே முளைத்தவை. பாசிக்குள் தள்ளிக்கொண்டு போக, அடியில் எதையாவது பிடித்துக்கொள்ள. கரை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நடக்கிறதற்காக விரல் வரவில்லை. விரல் வந்து எவ்வளவோ காலம் கழித்துத்தான் வேறு யாரோ நடந்தார்கள். நான் சொன்னதும் தப்பு, அவர் சொன்னதும் தப்பு. இரண்டு அத்தியாயங்களைக் கிழித்துப் போட்டேன். அழவில்லை. வெளியே போய்ச் சாலைகளில் மூன்று மணி நேரம் சுற்றினேன். திரும்பி வந்து, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, உண்மை என்று தெரிந்த ஒன்றை எழுத ஆரம்பித்தேன். அக்டோபருக்குள் முடித்துவிடுவேன்.

சீட்டை மாற்ற நெறியாளர் ஒத்துக்கொண்டார். 'முதலில் கண்டவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். அங்கே இருந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உங்கள் முதல் கடிதப்படி கட்டையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தவர் சின்னப் பாட்டி. அப்படியென்றால் அவர்தான் முதலில் கண்டவர். அவர் பெயரை எழுதித் தருவீர்களா? உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

அவர் சொன்ன அந்த ஒன்று என்ன?

பேத்தி


செப்டம்பர் 12

அன்புப் பேத்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. உன் அம்மா "தலை சுத்துது, உக்காரும்மா" என்கிறாள். நீ அந்த ஏழடியில் நடந்தது இப்போதுதான் புரிகிறது.

சீட்டில் சின்னவள் பெயரைப் போடாதே. கோபத்தில் சொல்லவில்லை. முதலில் கண்டது அவள் இல்லை.

அன்று கரி தேய்த்து முடித்ததும் இரண்டு பேர் கையும் கறுப்பு. அவள் செம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, நான் கட்டையை விட்டதைப் பாத்த. ஏன் விட்டேன்னு அத்தான் உங்கிட்ட சொல்லவே இல்லையா?"

"என்ன சொல்லணும்?"

"அத்தான்தான் கூப்பிட்டாரு. 'சின்னவளே, கல்லுக்குள்ள ஒரு கை இருக்கு பாரு, ஓடி வா'ன்னாரு. நான், 'விட்டா சாயும் அத்தான்'னேன். 'சாயாது, ஆப்பு இறுக்கமா இருக்கு, வா'ன்னாரு. அப்படி ஒரு சந்தோஷம் அவரு மூஞ்சில. போனேன்."

நான் மேட்டில் இருந்தேன். இடக்கையனின் சம்மட்டிச் சத்தம். நான் பார்த்தது எல்லாம் நிஜம். கொக்கி இல்லாத ரவிக்கைவரைக்கும் நிஜம். கேட்கத்தான் இல்லை. செவிட்டம்மாவுக்கும் எனக்கும் அன்றைக்கு வித்தியாசம் இல்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "தன் தப்பால அடிபட்டவனை மேஸ்திரி திரும்ப சேக்க மாட்டான். கை நழுவிடுச்சுன்னு நீ சொல்லிடு. அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்." இவள் அப்படியே சொன்னாள். மேஸ்திரி அவருக்கு உட்கார்ந்து உளி தீட்டுகிற வேலை கொடுத்தார். அதில்தான் உன் அம்மா படித்தாள். தள்ளிப்போட்ட மறுபாதியை இடக்கையனின் வண்டியில் சின்னவள் வீட்டுக்கு அனுப்பியதும் உன் தாத்தாதானாம். "இது உனக்குச் சேர வேண்டியது" என்று சொல்லி அனுப்பினாராம்.

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேட்டியா? ஒரு நாள், ஒரு வார்த்தை, ஏன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அது என் தப்பு. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். பத்து நாளாகத் தினமும் போகிறேன். இரண்டு தடவை சண்டையும் போட்டாயிற்று. இன்னும் ஏழு விரல் என்றுதான் சொல்கிறாள்.

சீட்டுக்கு வேண்டிய தாளைத் தனியாக வைத்திருக்கிறேன். 'கல்லுக்குள் கை இருப்பதை முதலில் கண்டவர் பாளம் பிளந்தவர், என் கணவர்' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கீழே அவளும் போட்டிருக்கிறாள். அவர் பெயரை நீயே அழகாக எழுதிக்கொள். உண்மை உண்மைதான், அதில் நான் கை வைக்க மாட்டேன். அந்தப் பெயர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும்.

மேஸ்திரியை விட்டுவிட்டேன். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தேய்த்த சட்டைப் பேராசிரியரையும் விட்டுவிட்டேன். உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நீயும் விட்டுவிடு, அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு.

ஆனால், பேத்தி, நான் சின்னவளைத் திட்டாத நாள் உண்டா? சாப்பாடு போட்டுக்கொண்டே திட்டுவேன். எதிரே உட்கார்ந்து அவர் இருபத்தைந்து வருஷம் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான் அதிகமாகப் பேசினால், "கொஞ்சம் தண்ணி குடு" என்பார். தலையைக் குனிந்துகொள்வார். கால் வலி என்று நினைத்து நான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். எங்கள் அம்மா செத்த அன்று நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம், அவர் நடுவில் நின்றார். உன் அம்மா கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் பட்டியலை எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். "வேற யாரையும் விட்டுடலையே?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், "யாரும் விட்டுப் போகலையே?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

உனக்குப் பட்டம் கிடைக்கும் நாளில் நானும் சின்னவளும் சேர்ந்து போனில் பேசுவோம், உனக்காக அந்த ஒரு தடவை. நன்றாகச் சாப்பிடு, தூங்கு, ஜன்னல் உள்ள அறையிலேயே இரு. எல்லாரையும் மன்னித்துவிட்டேன். ஒரே ஒரு ஆள் பாக்கி. செத்து ஒன்பது வருஷம் ஆனாலும் விடுவதாக இல்லை.

அது உன் தாத்தா.

பாட்டி